ஒரே வயிறு, வேறு வீடு: மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிரிந்துபோன உடன்பிறப்பைத் தேடும் வழி

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1930-களிலிருந்து 1960-கள் வரை எத்தனையோ சீனக் குடும்பங்கள் தங்கள் கைக்குழந்தைகளைத் தமிழ் வீடுகளுக்கும் மலாய் வீடுகளுக்கும் கொடுத்தன. வறுமை ஒரு காரணம். மகன் போதும், மகள் வேண்டாம் என்ற எண்ணம் இன்னொரு காரணம். புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையும், 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியின் பஞ்சமும் பயமும் வேறு காரணங்கள். அப்படிப் போனவர்களில் ஒருத்தி லட்சுமியாகவும், அவளுக்குப் பின் பிறந்தவள் பாத்திமாவாகவும், வீட்டிலேயே தங்கிவிட்ட அண்ணன் சீனப் பெயரோடும் வளர்ந்திருப்பார்கள். தாய் ஒருத்திதான் என்றாலும் அவர்களுக்கு மொழி மூன்று, மதம் மூன்று, அரசாங்கத் தாளில் இனமும் மூன்று.

எங்கள் பெரியம்மா அப்படி வந்தவர். பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்து, வெற்றிலை போட்டு, விடிகாலையில் கோலமிட்டு, தமிழைத் தவிர வேறு மொழி சரளமாகப் பேசத் தெரியாமல் வாழ்ந்தார். சந்தையில் மீன்காரர் அவர் முகத்தைப் பார்த்துச் சீனத்தில் விலை சொல்வார். பெரியம்மா தமிழில் பேரம் பேசுவார். உடன்பிறந்தவர்களைத் தேடத் தொடங்கியபோது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. அந்தத் தேடலில் நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உதவும் என்று இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை எந்த இனமாக வளர்ந்தது என்பதைப் பிள்ளையை வாங்கிய வீடுதான் முடிவு செய்தது. ஆகவே, சீனத் தாய்க்குப் பிறந்தவரின் உடன்பிறப்புகள் எல்லோரும் சீனராகவே இருப்பார்கள் என்று எண்ணித் தேடினால் பாதிப் பேரைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

முதல் படி: தாளுக்கு முன்னால் ஆளைக் கேளுங்கள்

பெரும்பாலோர் நேராகத் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போகிறார்கள், அல்லது மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டுகிறார்கள். இரண்டும் காத்திருக்கும், வீட்டுப் பெரியவர்களின் ஞாபகம் காத்திருக்காது. அந்தக் காலத்தில் பிள்ளை கைமாறுவது பெரும்பாலும் ஓர் இடையாளின் மூலம் நடந்தது. அவர் பிரசவம் பார்த்த பிடானாக இருக்கலாம், மருத்துவமனை மிஸ்ஸியாக (தாதியாக) இருக்கலாம், தோட்டத்தில் மருந்து கொடுத்த டிரஸராகவோ கணக்கெழுதிய கிராணியாகவோ இருக்கலாம், அல்லது காய்கறி கொண்டுவந்து விற்ற சீனப் பெண்மணியாகவும் இருக்கலாம். பெற்றவரும் வளர்த்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்தே இராதபோதும் இந்த ஒருவருக்கு இரண்டு வீடும் தெரிந்திருக்கும். அவர் இறந்திருந்தாலும் அவருடைய பிள்ளைகள் இருப்பார்கள். “எங்கள் அம்மா பல பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்” என்று சொல்லக்கூடிய ஒருவர் கிடைத்துவிட்டால், பல மாதத் தேடலை அது மிச்சப்படுத்தும்.

வளர்த்த குடும்பத்தின் மூத்தவர்களிடம் கேட்கும்போது, “உண்மையான அம்மா யார்?” என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்வி வளர்த்த தாயைப் பொய்யாக்கிவிடும், வாய் மூடிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, பிள்ளை வீட்டுக்கு வந்த நாளைப் பற்றிக் கேளுங்கள். யார் தூக்கி வந்தார்கள், எதில் சுற்றியிருந்தார்கள், மழை பெய்ததா, எந்த வண்டியில் வந்தார்கள், பெற்றவள் பத்தியச் சாப்பாட்டுக்கென்று அங்பாவ் (சிவப்பு உறையில் பணம்) கொடுத்தார்களா, எவ்வளவு கொடுத்தார்கள், ஏதாவது தாளில் கைநாட்டு வாங்கினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், சொல்லமாட்டேன் என்றிருந்தவர்கூடத் தன்னை அறியாமல் சொல்லத் தொடங்குவார். எங்கள் பாட்டி பத்து ஆண்டுகளாக “தெரியாது” என்றே சொல்லி வந்தவர், “பெரியம்மா வந்த அன்றைக்கு என்ன சமைத்திருந்தீர்கள்?” என்று கேட்டதற்கு, கருவாட்டுக் குழம்பு என்று ஆரம்பித்து, ஈயலம்பத்துக்கு (ஈயச் சுரங்கத்துக்கு) பக்கத்தில் குடியிருந்த ஒரு தையற்காரர் வீட்டில் வந்து முடித்தார். பேச்சைக் கைப்பேசியில் அவரது அனுமதியோடு பதிவு செய்யுங்கள். இடப்பெயர்களைத் திருத்தாமல் அவர் சொன்ன ஒலிப்பிலேயே எழுதி வையுங்கள், ஏனென்றால் தோட்டங்களுக்குத் தமிழர்கள் வைத்த பெயர் ஒன்று, அலுவலகப் பெயர் வேறொன்று.

இடத்தைக் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. 1948-இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, 1950 முதல் காட்டோரங்களில் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஆகவே, 1947-இல் பிள்ளை கொடுத்த வீடு 1951-இல் அதே இடத்தில் இருந்திருக்காது. பழைய முகவரி வெறும் செம்பனைத் தோட்டமாக இருந்தால் மனம் தளராமல், அதற்கு அருகிலுள்ள புதுக்கிராமம் எது என்று பாருங்கள். அங்குள்ள கோயில் குழுவினரிடமும் பழைய மளிகைக்கடைக்காரரிடமும் விசாரியுங்கள்.

இரண்டாம் படி: கையிலுள்ள தாள்களைப் படிப்பது

பிறப்புப் பத்திரம், அதாவது நம்மவர்கள் சூராட் பெரானாக் என்று சொல்வது, பெற்றோர் பெயரைச் சொல்லும் தாள் என்று நினைக்கிறோம். பெரும்பாலான பழைய வழக்குகளில் வளர்த்தவர்கள் தாங்களே பெற்றதாகப் பதிந்துவிட்டார்கள். எனவே பெற்றோர் கட்டத்தை விட மற்ற கட்டங்களே உதவும். பிறந்த இடம் எங்கே என்று பாருங்கள்; வளர்த்தவர்கள் வாழ்ந்த ஊரிலிருந்து வெகு தொலைவிலுள்ள ஒரு மகப்பேறு மனையாக இருந்தால் அது ஒரு நூல்முனை. தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் யார் பெயர், என்ன உறவு, எந்த முகவரி என்று பாருங்கள். இடையாளின் பெயர் அங்கேயே அகப்படுவதுண்டு. பிறந்த தேதிக்கும் பதிந்த தேதிக்கும் நடுவே பல மாதமோ ஆண்டோ இருந்தால், பிள்ளை அந்த இடைவெளியில்தான் கைமாறியிருக்கும் என்று கொள்ளலாம்.

மலேசிய ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணின் 12 இலக்கங்களில் ஏழாவதும் எட்டாவதும் பிறந்த மாநிலத்தைக் குறிப்பவை. 07 என்றால் பினாங்கு, 08 என்றால் பேராக், 10 என்றால் சிலாங்கூர், 01 என்றால் ஜொகூர். 82 என்றிருந்தால் பிறந்த மாநிலம் தெரியவில்லை என்று பொருள். ஜொகூரில் வளர்ந்தவருக்கு 08 இருந்தால் காரணம் கேட்க வேண்டும். மலேசிய ஐ.சி. அட்டையில் இனம் அச்சிடப்படுவதில்லை, முஸ்லிமாக இருந்தால் மதம் மட்டும் இருக்கும்; சிங்கப்பூர் அட்டையில் இனம் இருக்கும்.

தத்து முறைப்படி பதியப்பட்டதா என்பது அடுத்த கேள்வி. தீபகற்ப மலேசியாவில் 1952-ஆம் ஆண்டின் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்றில் நீதிமன்றம் தத்து ஆணை பிறப்பிக்கும். இது முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. மற்றொன்றில், பிள்ளையைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வளர்த்தவர்கள் பதிவு இலாகாவில் பதிந்துகொள்ளலாம். இது எல்லா மதத்தவருக்கும் உண்டு. இவற்றுக்கு முன்னர் நடந்தவை பெரும்பாலும் வாய்ச்சொல் தத்துகளே. பிறப்புப் பதிவேட்டையும் தத்துப் பதிவேட்டையும் இணைக்கும் குறிப்பு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்ததன்று; நீதிமன்ற உத்தரவு தேவைப்படும். முகப்பில் இருக்கும் அலுவலரிடம் அதற்காகச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. உங்கள் சொந்தப் பதிவுகளின் பிரதிகளை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மலாய் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு வேறு ஒரு தடயம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. முஸ்லிம் பெண்ணின் திருமணத்தில் ‘வலி’யாக, அதாவது அவளை மணமுடித்துத் தரும் பொறுப்பாளராக, நிற்க வேண்டியவர் பெற்ற தந்தை அல்லது அவர்வழி ஆண் உறவினர். தந்தை முஸ்லிம் அல்லாதவராகவோ தெரியாதவராகவோ இருந்தால் வலி ஹாக்கிம் (அதிகாரபூர்வமாக நியமிக்கப்பட்ட பொறுப்பாளர்) நின்று திருமணம் நடத்துவார், அது நிக்காப் பதிவில் இருக்கும். வளர்த்த தந்தை உயிரோடு இருந்தும் பதிவில் வலி ஹாக்கிம் என்றிருந்தால், அந்தப் பெண் எடுத்து வளர்க்கப்பட்டவராக இருக்க வாய்ப்பு அதிகம். பிந்தி அப்துல்லா (அப்துல்லாவின் மகள்) என்ற தந்தைப் பெயரும் அப்படிப்பட்ட குறிப்புதான். ஆனால் மதம் மாறியவர்களுக்கும் அந்தப் பெயர் உண்டு, அப்துல்லா என்ற பெயருள்ள தந்தைகளும் ஏராளம் என்பதால், அதை மட்டும் வைத்து ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது.

கன்னியாஸ்திரிகள் நடத்திய அநாதை இல்லங்கள் வழியாக வந்தவர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு உதவலாம். சிங்கப்பூர் விக்டோரியா தெருக் கான்வென்ட்டின் சிறு வாசலில் விடப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஊருக்கே தெரியும். பினாங்கு லைட் தெருக் கான்வென்ட்டிலும் அநாதை இல்லம் இருந்தது. எழுத்தில் விண்ணப்பிக்கும்போது குழந்தைக்குச் சூட்டிய கிறித்தவப் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

மூன்றாம் படி: மூன்று நாட்காட்டிகளை ஒன்றாக்குவது

இரண்டு குடும்பங்கள் சொல்லும் தேதிகள் ஒத்துவராததால் கைவிடப்பட்ட தேடல்கள் உண்டு. உண்மையில் இரண்டுமே சரியாக இருக்கலாம். சீனக் குடும்பம் பிறந்தநாளைச் சந்திரமான மாதக் கணக்கில் நினைவு வைத்திருக்கும். பழைய சீனக் கணக்கில் பிறந்தவுடனேயே ஒரு வயது, அடுத்த சீனப் புத்தாண்டில் இன்னொரு வயது. எனவே “மூன்று வயதில் கொடுத்தோம்” என்றால் நம் கணக்கில் அது ஒன்றரை வயதாகவும் இருக்கலாம். புலி ஆண்டுகள் 1938, 1950, 1962 என்றாலும், 1950-இன் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17-இல்தான் வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் பிறந்தவள் புலி அல்லள், எருது. மலாய்க் குடும்பம் “புவாசா மாதத்தில் வந்தாள்” என்று சொல்லும். நோன்பு மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால், புவாசா எந்த ஆங்கில மாதத்தில் வந்தது என்று தெரிந்தால் ஆண்டைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். தமிழ்க் குடும்பமோ ஆடிப்பெருக்கு, தைப்பூசம் என்று சொல்லும். பிள்ளை வந்த நாளையே பிறந்தநாளாக்கி அதற்கு ஜாதகமும் எழுதியிருக்கும். ஒரு பெரிய தாளில் மூன்று பத்தி போட்டு இவற்றை ஆங்கிலத் தேதிக்கு மாற்றி எழுதிப் பாருங்கள். எங்கள் வழக்கில் நான்கு மாத வித்தியாசமாகத் தெரிந்தது, அப்படி எழுதியபோது எட்டு நாளாகச் சுருங்கியது.

நான்காம் படி: குடும்பப் பெயரின் பல உச்சரிப்புகள்

சீனக் குடும்பப் பெயர் ஒரே எழுத்தாக இருந்தும், பேச்சுமொழிக்கு ஏற்பப் பதிவேட்டில் பல வடிவங்களில் ஏறியிருக்கும். ஹொக்கியனில் டான் என்பவர் கான்டனீசில் சான், ஹக்காவில் சின், மாண்டரினில் சென். வோங் என்று கான்டனீசில் வழங்கும் பெயர் பினாங்கு ஹொக்கியனில் ஊய் ஆகிவிடும். தமிழ்ப் பாட்டியின் காதில் விழுந்து எழுபது ஆண்டு அங்கே தங்கிய ஒலி வேறு. ஆகவே ஒரு வடிவத்தை மட்டும் தேடாமல், சீன எழுத்து தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, எழுத்தைக் கண்டுபிடித்து, அதன் எல்லா வடிவங்களையும் பட்டியலிடுங்கள். குடும்பம் எந்தப் பேச்சுமொழியினர் என்று தெரிந்தால் அந்த மொழியினரின் சங்கத்தை அணுகலாம். இந்தச் சங்கங்களின் முதியவர்கள், சரியான ஆளிடம் போய்விட்டால், பொறுமையோடு உதவுகிறார்கள்.

ஐந்தாம் படி: விளம்பரத்தை அவர்கள் மொழியில் கொடுங்கள்

இது வெட்கப்படத்தக்க அளவுக்கு எளிய விஷயம், நாங்களே மூன்று ஆண்டு தவறவிட்டது. பெரியம்மாவின் படத்தையும் கதையையும் தமிழ் இதழில் வெளியிட்டுவிட்டுக் காத்திருந்தோம். அவருடைய சகோதரர்கள் தமிழ் இதழ் படிப்பவர்களா? சீன வீட்டில் இருப்பவரைத் தேடினால் சின் சியூ போன்ற சீன நாளிதழுக்கு எழுத வேண்டும். மலாய் வீட்டில் வளர்ந்தவரைத் தேடினால் ஹரியான் மெட்ரோ போன்ற மலாய் நாளிதழுக்கு எழுத வேண்டும். தமிழ் வீட்டில் வளர்ந்தவரைச் சீனக் குடும்பம் தேடினால் மலேசிய நண்பன், சிங்கப்பூரில் தமிழ் முரசு. முகநூலிலும் அப்படியே. அறிவிப்பைப் பிறமொழியில் எழுதித் தருபவர் வீட்டில் வழங்கும் சொற்களை அறிந்தவராக இருப்பது நல்லது.

அறிவிப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். பிறந்த ஆண்டு, இடம், இடையாளின் தொழில், குழந்தைப் பருவப் படம் போதும். ஐ.சி. எண், பிறப்புப் பத்திரத்தின் படம், வீட்டு முகவரி ஆகியவற்றைப் போடவே கூடாது. உடம்பிலுள்ள ஒரு மச்சமோ தழும்போ, பிள்ளையைச் சுற்றியிருந்த துணியின் நிறமோ, ஏதாவது ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் அழைத்து “நான்தான் உங்கள் தங்கை” என்பவரிடம் அதைக் கேட்டுச் சரிபார்க்கலாம். பணம் கேட்பவரிடம் அப்போதே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பழைய நாளிதழ்களைப் பார்ப்பதும் பலனளிக்கும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பல பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறது; குடும்பப் பெயரையும் இடத்தையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

ஆறாம் படி: மரபணுப் பரிசோதனை

ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மரபணுவைப் பகிர்வார்கள். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பொதுவானால் கால் பங்கு. ஒன்றுவிட்ட சகோதரரானால் எட்டில் ஒரு பங்கு. வம்சாவளி நிறுவனங்கள் இதைச் சென்டிமார்கன் என்ற அளவில் சொல்லும். முழு உடன்பிறப்புக்குச் சுமார் 2,600, அரை உடன்பிறப்புக்குச் சுமார் 1,750 என்று வரும். ஆனால் அத்தை, மாமன், பாட்டி உறவுகளும் கால் பங்கே பகிர்பவை என்பதால், 1,750 என்ற எண்ணைப் பார்த்தவுடன் உடன்பிறப்பு என்று முடிவு கட்டாமல் வயதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பெற்ற தாய் சீனர், தந்தை இந்தியர் அல்லது மலாய்க்காரர் என்ற குடும்பங்களில் முகமும் நிறமும் பெரிதாக மாறும். ஒரு தாய்க்குப் பிறந்த இருவரில் ஒருவர் கறுப்பாகவும் மற்றவர் வெளுப்பாகவும் இருந்தால், “இவள் என் அக்கா இல்லை” என்று வெறும் பார்வையில் சொல்லிவிடுகிறார்கள். நிறத்தை நம்பாமல் பரிசோதனையை நம்புங்கள். இனச் சதவீதம் என்று வரும் வட்டப்படத்தைவிடப் பொருந்துபவர் பட்டியல்தான் முக்கியம்.

மூத்த தலைமுறையை முதலில் சோதியுங்கள். பெரியம்மா இருக்கும்போது அவர் மகளைச் சோதித்தால் பொருத்தம் பாதியாகத் தேய்ந்துவிடும். முதியவர்களுக்கு வாயில் எச்சில் ஊறாது, குழாய் நிரம்ப அரை மணி நேரம் போராட வேண்டியிருக்கும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தெடுக்கும் மை ஹெரிட்டேஜ், ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ போன்றவை அவர்களுக்கு ஏற்றவை. மாதிரி எடுப்பதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பிருந்தே எதுவும் உண்ணாமல், பருகாமல், வெற்றிலை போடாமல் இருக்கச் செய்யுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் வீட்டில் கடினமாக இருந்தது.

இந்நிறுவனங்களின் பட்டியலில் ஆசியர்கள் குறைவு என்பதால், நெருங்கிய பொருத்தம் உடனே வராவிட்டால் அதை முடிவான பதில் என்று கருதாதீர்கள். விசாரணையின் மூலம் ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டால், இருவரும் ஒரே ஆய்வகத்தில் உறவுப் பரிசோதனை செய்துகொள்வது நேரடியான வழி. சகோதரர் இருவரானால் தந்தைவழி ஒய் குரோமோசோம் ஒப்பீடும், தாய் பொதுவா என்று பார்க்க மைட்டோகாண்ட்ரியா ஒப்பீடும் உதவும். ஆனால் மைட்டோகாண்ட்ரியா பெற்ற தாயின் அக்கா மகள்களுக்கும் பொதுவாக இருப்பதால், அது தாய்வழியைத்தான் காட்டும், தாயைக் காட்டாது. தகவல் பாதுகாப்பையும் யோசித்துக்கொள்ளுங்கள். 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-இல் லட்சக்கணக்கானோரின் விவரம் திருடுபோனது, 2025-இல் அது திவால் மனு கொடுத்தது. தேடல் முடிந்ததும் கணக்கை அழிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஏழாம் படி: முதல் கடிதமும் முதல் சந்திப்பும்

நேரில் போய் நிற்காதீர்கள். அந்த வீட்டிலிருப்பவருக்குத் தான் எடுத்து வளர்க்கப்பட்டவர் என்பதே தெரியாமல் இருக்கலாம். எழுபது வயதில் அதை அறிய விரும்பாமலும் இருக்கலாம். அவருடைய மகனுக்கோ மகளுக்கோ சுருக்கமான ஒரு கடிதத்தை, அவர்களுடைய மொழியில், பதில் கட்டாயமில்லை என்ற குறிப்போடு எழுதுங்கள். சொத்தைக் கேட்டு வரவில்லை என்று வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது, எல்லோர் மனத்திலும் முதலில் எழும் ஐயம் அதுதான். சட்டப்படியும், முஸ்லிமின் சொத்தில் முஸ்லிம் அல்லாத உறவினருக்கு ஃபராயிட் (இஸ்லாமிய வாரிசுரிமை) பங்கு கிடையாது. நீதிமன்ற ஆணையால் தத்துப்போன முஸ்லிம் அல்லாதவர் வளர்த்தவர்களின் பிள்ளையாகவே கருதப்படுவார்.

மத விஷயத்தில் யாரையும் எதற்கும் அழைக்காதீர்கள். சிங்கப்பூரில் 1950 டிசம்பரில், மலாய்த் தாய் வளர்த்த டச்சுப் பெண் ஒருத்தியைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் வழக்கு கலவரமாகி 18 பேர் இறந்தார்கள். அந்தத் தலைமுறையினருக்கு அது மறந்துபோன செய்தியன்று.

சந்திப்புக்கு ஹலால் உணவும் சைவமும் கிடைக்கும் கோப்பிக்கடை பொருத்தம். இரண்டு பக்கமும் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். பொதுமொழி இருக்காது, சந்தை மலாய்தான் கைகொடுக்கும். எங்கள் பெரியம்மாவும் அவர் தம்பியும் முதல் ஒரு மணி நேரம் பேசியது “சுடா மாக்கான்?”, “சுடா” என்ற இரண்டே வரிகள்தான். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். அதற்குப் பிறகு தம்பி அவர் கையை எடுத்துச் சுண்டுவிரலைத் தம் சுண்டுவிரலோடு ஒட்டி வைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே மாதிரி உள்ளே வளைந்திருந்தன. மொழிபெயர்க்க ஒருவரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் இடைவிடாமல் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படி அழைத்துக்கொள்வது என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். தமிழில் அக்கா, மலாயில் காக்கா, சீனத்தில் ஜியெ ஜியெ, எதுவானாலும் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்காமல் இருப்பது மூன்று வீட்டுக்கும் பொதுவான மரியாதை.

சீனக் குடும்பம் உங்களை ஏற்றுக்கொண்டால், ஏப்ரல் தொடக்கத்தில் வரும் செங் பெங் நாளில் பெற்றோர் கல்லறைக்கு அழைப்பார்கள். விடிகாலையில் போவார்கள், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். கல்லறையைச் சுற்றிப் புல் வெட்டுவதுதான் முதல் வேலை. கல்லறைக் கல்லில் பூர்வீக ஊரும் பிள்ளைகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கும், கொடுத்துவிட்ட மகளின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேடலின் மற்ற பெயர்கள் அந்தக் கல்லில் இருக்கின்றன. ஊதுபத்தி பிடிக்க உங்கள் மதம் இடந்தராவிட்டால், முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட்டு, ஒரு கத்தரிக்கோலும் தொப்பியும் எடுத்துப் போய்ப் புல் வெட்டும் பக்கம் நின்றுகொள்ளலாம்.